தென்காசியில் வரலாற்றை யார் சொல்லக் கேட்பது?

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் வருகிறவர்களில் பெரும்பாலோர் தண்ணீருக்காக வருகிறவர்கள். ஆனி பிறந்ததும் இந்தப் பக்கத்து உறவினருக்குப் போன் போட்டு, "தண்ணி விழுதா அண்ணாச்சி?" என்று கேட்பார்கள். விழுகிறது என்று தெரிந்ததும் கிளம்பி வந்து, பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் நனைந்து, பரோட்டா சாப்பிட்டு, மங்குஸ்தான் பழம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாரலில் நனைவதற்கென்றே ஓர் ஊர் இருப்பது நல்ல விஷயம்தான்.

ஆனால் இதே ஊர்களுக்கு வேறு ஆசையோடு வருகிறவர்களும் உண்டு. ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், பிள்ளைகளுக்குக் கோயிலைக் காட்ட நினைக்கும் தாய், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் குடும்பம், கல்வெட்டில் ஈடுபாடு கொண்ட கல்லூரி மாணவர். பாண்டிய நாட்டின் கடைசித் தலைநகரம் இது என்று எங்கோ படித்திருப்பார்கள். "கூட வந்து விளக்கிச் சொல்ல நல்ல ஆள் கிடைப்பாரா?" என்பதுதான் அவர்கள் கேட்கும் கேள்வி. மாமல்லபுரத்திலும் தஞ்சாவூரிலும் மதுரையிலும் அப்படிக் கேட்டால் ஆள் காட்டிவிடலாம். தென்காசியில் அது அவ்வளவு எளிதல்ல. இங்கே கிடைப்பவை என்ன, ஒவ்வொன்றும் எதற்கு உதவும், எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பார்க்கலாம்.

ஆளைச் சோதிக்க நீண்ட தேர்வு வைக்க வேண்டியதில்லை. காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுரத்தின் முன்னால் நின்று, "இந்தக் கோபுரம் எப்பக் கட்டினது?" என்று கேட்டாலே போதும். "பாண்டியன் கட்டினது, ஐந்நூறு வருசத்துக்கு மேல ஆச்சு" என்பதோடு ஒருவர் நிறுத்திக்கொண்டால், அவர் சொன்னது பாதிக் கதை.

முழுக் கதை இது. அரிகேசரி பராக்கிரம பாண்டியர் 1422இல் பட்டத்துக்கு வந்தார். 1446ஐ ஒட்டிக் கோயில் பணியைத் தொடங்கினார். ராஜகோபுரத்துக்கு 1457இல் அடியிட்டார். அது முடிவதற்குள் 1463இல் மறைந்தார். மிச்சத்தை அவர் தம்பி குலசேகர பாண்டியர் முடித்தார். அந்தக் கோபுரத்தின் மேற்பகுதி 1924இல் தீயில் சிதைந்தது. அதன் பிறகு இரண்டு மூன்று தலைமுறைக்கு இது மொட்டைக் கோபுரமாகவே நின்றது. இன்றைய முதியவர்கள் தங்கள் சின்ன வயதில் பார்த்தது அதைத்தான். 1990இல் சிவந்தி ஆதித்தனார் முன்னின்று நடத்திய திருப்பணியில், ஒன்பது நிலைகளோடு ஏறத்தாழ 180 அடி உயரத்துக்குக் கோபுரம் மீண்டும் எழுந்தது. ஆகவே கீழே நீங்கள் தொட்டுப் பார்க்கும் கல்லுக்கு ஒரு வயது, மேலே அண்ணாந்து பார்க்கும் சுதைக்கு வேறு வயது.

இதைச் சொல்லத் தெரிந்தவர் அடுத்ததையும் சொல்வார். இந்தக் கோயிலில் பராக்கிரம பாண்டியர் பெயரில் தமிழ்ச் செய்யுள்கள் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பிற்காலத்தில் கோயிலுக்குப் பழுது வந்தால், அதைச் செப்பனிடுகிறவர் யாராக இருந்தாலும் அவர் திருவடியை இப்போதே வணங்குகிறேன் என்று அதில் மன்னர் சொல்கிறார். முடி சூடிய ஒருவர், இன்னும் பிறக்காத யாரோ ஒரு கொத்தனாரின் காலில், யாரோ ஒரு நன்கொடையாளரின் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறார். அந்த 15ஆம் நூற்றாண்டுச் செய்யுளையும் 1990இன் திருப்பணியையும் சேர்த்துக் கேட்டவருக்கு அந்த வாசல் மறக்காது. தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் வெறும் தகவலாகவே நின்றுவிடும்.

கோயிலைப் பற்றி ஊர் சொல்லும் கதையும் ஒன்று உண்டு. காசிக்குப் போய் லிங்கம் கொண்டுவர நினைத்த மன்னரின் கனவில் இறைவன் தோன்றி, எறும்புச் சாரை போகும் வழியே போ, சிற்றாற்றங்கரையில் என்னைக் காண்பாய் என்றாராம். அழகான கதை. பக்தரின் மனத்தில் அந்த எறும்புகள்தான் கோயிலின் அடிக்கல். இதைத் தள்ளிவிடுகிற வழிகாட்டி எனக்கு வேண்டாம். இதை மட்டுமே சொல்கிறவரும் வேண்டாம். இது தலபுராணம், இது கல்வெட்டு, இது ஊர்ப்பேச்சு என்று ஒவ்வொன்றையும் இன்னது என்று அடையாளம் காட்டிச் சொல்கிறவர்தான் வேண்டும். வரலாற்றுச் சுற்றுலாவுக்கு ஆள் தேடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான். மொழித்திறமையும் வண்டி வசதியும் கட்டணமும் அதற்கு அடுத்தபடி.

குற்றாலநாதர் கோயிலிலும் இதே சோதனையைச் செய்து பார்க்கலாம். பெருமாளாக இருந்த மூர்த்தியை அகத்தியர் தலையில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாக்கினார் என்பது தலபுராணக் கதை. கேட்டதும் பலர், சைவ வைணவப் பூசலில் கோயில் கைமாறியது என்று ஒரு முடிவுக்குத் தாவிவிடுகிறார்கள். நிதானமான வழிகாட்டி அங்கே சம்பந்தரை நினைவூட்டுவார். 7ஆம் நூற்றாண்டிலேயே அவர் குற்றாலத்தைச் சிவத்தலமாகப் பாடியிருக்கிறார். தலமரமான குறும்பலாவுக்கென்றே தனிப் பதிகமும் பாடியிருக்கிறார். அப்படியானால் அகத்தியர் கதையை எப்படிப் புரிந்துகொள்வது? அந்தக் கேள்வியோடு உங்களை நிற்கவைத்துவிட்டு அவர் மேலே நடந்தால், அவரை நம்பிப் பின்னால் போகலாம். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் வழிகாட்டிகளுக்காக ஃபிரீமன் டில்டன் என்பவர் 1957இல் எழுதிய புகழ்பெற்ற நூலின் சாரமும் ஏறக்குறைய இதுதான்: விளக்குகிறவரின் வேலை தகவலைக் கொட்டுவதல்ல, கேட்பவரின் மனத்தைக் கிளறிவிடுவது.

இனி, இங்கே கிடைக்கும் வழிகளைப் பார்ப்போம்.

எல்லோர் கண்ணிலும் முதலில் படுகிறவர்கள் வேன்காரர்களும் ஆட்டோக்காரர்களும். 'லோக்கல் சைட்சீயிங்' என்ற பெயரில் அவர்களிடம் ஒரு பட்டியல் இருக்கும்: அருவிகள், குற்றாலநாதர் கோயில், பண்பொழித் திருமலைக் கோயில், கேரளத்துப் பாலருவி, சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தித் தோட்டம், சினிமாவால் பெயர் பெற்ற 'அந்நியன்' பாறை. எந்த அருவியில் தடை போட்டிருக்கிறார்கள், எந்தப் பாதையில் நெரிசல், மலையில் கறுத்தால் எப்போது இறங்கிவிட வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோன பிறகு, அந்த அறிவின் மதிப்பை யாரும் குறைத்துப் பேச மாட்டார்கள். ஆனால் வரலாறு சொல்வது அவர்கள் ஒப்புக்கொண்ட வேலை அல்ல. இடத்துக்கு இவ்வளவு என்று பேசி ஓட்டுகிறவரை ஒரே மண்டபத்தில் ஒன்றரை மணி நேரம் காத்திருக்கச் சொல்வதும் நியாயமல்ல. வண்டியை நாள் வாடகைக்குப் பேசிக்கொண்டு, விளக்கம் சொல்ல வேறு ஆள் பார்ப்பதே சரி. மூத்த ஓட்டுநர் கிடைத்தால் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். மொட்டைக் கோபுரத்தையும் மீட்டர் கேஜ் ரயிலையும் நேரில் கண்ட நினைவு அவரிடம் இருக்கும். எந்தப் புத்தகத்திலும் அது கிடைக்காது.

அடுத்தது சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வரும் தொகுப்புச் சுற்றுலாக்கள். இரண்டு மூன்று நாளில் தென்பாண்டி நாட்டையே காட்டுவதாகச் சொல்லும் பயணத் திட்டத்தில் தென்காசிக்கு அரை மணி நேரம் கிடைத்தால் அதிகம். கணக்குப் போட்டுப் பாருங்கள். உச்சிக்கால பூசை முடிந்ததும் நடை சாத்திவிடுவார்கள். மறுபடி திறப்பது மாலையில்தான். ஒரு நாளுக்குப் பத்து இடம் என்றால், ஏறி இறங்குவதும் செருப்பு விடுவதும் ஆட்களை எண்ணிச் சேர்ப்பதும் போக, ஓரிடத்தில் நின்று பார்க்கக் கால் மணி நேரம்கூட மிஞ்சாது. தென்காசிக் கோயிலின் திருவோலக்க மண்டபத்தில் வீரபத்திரர், ரதி, மன்மதன், காளி என்று ஆளுயரத்துக்கும் மேலான சிற்பங்கள் தூண்களில் நிற்கின்றன. அந்த ஒரு மண்டபத்துக்கே ஒரு மணி நேரம் வேண்டும். ஆகவே பயணத் திட்டத்தில் இடங்களின் எண்ணிக்கை கூடக் கூட, அது வரலாற்றுச் சுற்றுலா இல்லை என்பது உறுதியாகிறது. அம்மா அப்பாவோடு தரிசனம் செய்யப் போகிறவர்களுக்கு அத்தகைய பயணம் நல்ல துணை. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

கோயிலுக்குள் இருப்பவர்கள் தனி வகை. குருக்களும் ஓதுவாரும் வழிபாட்டின் வரலாற்றைத் தங்கள் உடம்பிலேயே சுமக்கிறவர்கள். எந்தக் காலத்தில் எந்த அலங்காரம், எந்த வாகனம் எந்த வீதியில் திரும்பும் என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஓதுவார் ஒருவர் குற்றாலப் பதிகத்தை அந்தத் தலத்திலேயே பாடக் கேட்பதற்கு ஈடாக எந்த விளக்கமும் இல்லை. ஆனால் பூசை நேரத்தில் அவர்களை நிறுத்திவைத்து ஆண்டுக்கணக்குக் கேட்பது முறையல்ல. கூட்டம் குறைந்த பிறகு, பணிவாக, ஒன்றிரண்டு கேள்வியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அரசு உரிமம் பெற்ற வழிகாட்டிகளைப் பற்றிச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் குழப்பம் அதிகம். மத்திய சுற்றுலா அமைச்சகம் மண்டல அளவில் வழிகாட்டிகளுக்கு உரிமம் கொடுத்து வந்திருக்கிறது. பிறகு இணையவழிப் பயிற்சியில் தேறியவர்களுக்குச் சான்றிதழ் தரும் திட்டமும் வந்தது. இந்திய அரசின் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னங்களில் வழிகாட்டுவதற்குத் தனி விதிகள் உண்டு. தென்காசி, குற்றாலம் கோயில்களோ இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் இருப்பவை. உரிமம் ஒருவரின் அடையாளத்துக்கும் நடத்தைக்கும் பொதுவான பயிற்சிக்கும் சாட்சி. முன்பின் தெரியாத ஊரில், பெண்கள் மட்டும் வரும்போது, அந்தச் சாட்சி சிறிய விஷயமல்ல. ஆனால் அவர் தென்காசிக் கல்வெட்டைப் படித்தவர் என்பதற்கு அது சாட்சியாகாது. இலங்கையில் நாடு முழுவதற்குமான வழிகாட்டி, ஒரு வட்டாரத்துக்கான வழிகாட்டி, குறிப்பிட்ட ஒரே தலத்துக்கான வழிகாட்டி என்று உரிமத்தையே தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். நமக்குக் குறைவாக இருப்பவர்கள் அந்த மூன்றாம் வகையினர். மதுரையிலிருந்து ஒரு வழிகாட்டியை அழைத்துவருவதாக இருந்தால், மீனாட்சியம்மன் கோயிலில் அவர் எவ்வளவு சிறப்பாகப் பேசினார் என்று விசாரிப்பதோடு விட்டுவிடாதீர்கள். தென்காசிக்குக் கடைசியாக எப்போது போனார், அங்கே எதைக் காட்டினார் என்று கேளுங்கள்.

எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது ஆர்வலர் குழுக்களின் வரலாற்று நடைகள்தான். கிரானைட் குவாரியால் ஆபத்து என்ற பேச்சு எழுந்தபோது யானைமலையைக் காக்கும் எண்ணத்தோடு 2010இல் மதுரையில் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னெடுத்த 'பசுமை நடை' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சமணப் படுக்கைகள் உள்ள குன்றுகளுக்கு விடுமுறை நாள் காலையில் குடும்பம் குடும்பமாக ஏறுகிறார்கள். தொல்லியல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற சொ. சாந்தலிங்கம் போன்ற அறிஞர்கள் கல்வெட்டின் பக்கத்திலேயே நின்று வாசித்துச் சொல்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒரே மலை. கேட்டவர்களில் எத்தனையோ பேர் அந்த மலைக்குக் காவலர்களாகவே மாறியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் யார்க் என்ற பழைய மதில் நகரத்தில் 1951 முதல் ஊர்க்காரர்களே தொண்டர்களாக நின்று, காசு வாங்காமல் நகரைச் சுற்றிக்காட்டி வருகிறார்கள். மழையோ குளிரோ, குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் ஆள் நிற்பார். அறிஞரின் படிப்பு, ஊர்க்காரரின் பற்று, நேரம் தவறாமை என்ற மூன்றும் சேர்ந்தால் அது நல்ல நடை. இத்தகைய நடைகளில் உள்ள சங்கடம், அவர்கள் வைக்கும் தேதிக்கு நாம் போக வேண்டும் என்பது. கூட்டம் நூறைத் தாண்டினால் பின்வரிசைக்குக் குரலும் எட்டாது. ஆனாலும் தென்காசிப் பக்கம் ஒரு குழு வருகிறது என்று கேள்விப்பட்டால், மற்ற வேலையைத் தள்ளிவைத்துவிட்டுச் சேர்ந்துகொள்வதே நல்லது.

காணொளிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். போவதற்கு முன் பார்க்க உதவும். ஆனால் ஒருவர் சொன்ன பிழையை அடுத்தவர் அப்படியே எடுத்துச் சொல்வதால், பத்துப் பேர் சொல்லிவிட்டார்கள் என்பதாலேயே எதுவும் உண்மையாகிவிடாது.

இத்தனை வழிகளுக்கும் பொதுவாக ஒரு கேள்வி இருக்கிறது. கோயிலையும் அருவியையும் செங்கோட்டையையும் தனித்தனிப் புள்ளிகளாகக் காட்டுகிறாரா, ஒரே கதையாகக் கோக்கிறாரா? கோக்கும் நூல் இந்த வட்டாரத்தில் கண்ணெதிரே இருக்கிறது. மேற்கே மலை தாழ்ந்து திறந்து கிடக்கும் ஆரியங்காவுக் கணவாய்தான் அது.

தென்மேற்குப் பருவக்காற்று அந்தத் திறப்பின் வழியே புகுந்து வருவதால்தான் இந்தப் பக்கம் சாரல். மலைக்கு அப்பால் கொட்டும் மழையின் மிச்சம் இங்கே தூறலாக விழ, மலைமேல் பெய்தது அருவியாக இறங்குகிறது. அதே சிற்றாறு தென்காசிக் கோயிலைத் தொட்டுக்கொண்டு கிழக்கே போகிறது. மதுரையை இழந்த பாண்டியர் இந்த மூலைக்கு நகர்ந்ததையும் இந்த நிலத்தை வைத்துத்தான் விளங்கிக்கொள்ள வேண்டும். 14ஆம் நூற்றாண்டில் வடக்கிலிருந்து வந்த படையெடுப்புகளும், பின்னர் சுல்தான்களும், அதன்பின் விஜயநகரமும் மதுரையைப் பிடித்துக்கொள்ள, பாண்டிய மரபு தென்மேற்கே ஒதுங்கியது. முதுகுக்கு மலை, வயலுக்குச் சிற்றாறு, மேற்கே வணிகத்துக்குக் கணவாய். அப்படி ஒதுங்கியவர்கள் சோர்ந்துபோய் உட்காரவில்லை. 16ஆம் நூற்றாண்டில் அதிவீரராம பாண்டியர் நைடதமும் காசி காண்டமும் எழுதினார். பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் வெற்றி வேற்கையும் அவருடையதுதான். அரசு சுருங்கிய காலத்தில் தமிழ் விரிந்தது. இதை அந்தக் கோயிலின் நிழலில் நின்று ஒருவர் எடுத்துச் சொன்னால், பாடப்புத்தகத்தில் பெயராக மட்டும் இருந்த மன்னர் உயிர் பெறுவார்.

18ஆம் நூற்றாண்டில் மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியைப் பாடினார். அதற்காக மதுரை நாயக்க மன்னர் அளித்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்று பெயர். பேரருவிக்கு அருகே, குற்றாலநாதர் கோயிலைச் சேர்ந்த சித்திர சபை இருக்கிறது. நடராசருக்குரிய ஐந்து சபைகளில் இது ஒன்று. சிதம்பரத்திலும் மதுரையிலும் நெல்லையிலும் திருமேனியாக நிற்கும் ஆடல்வல்லான் இங்கே சுவரோவியமாக ஆடுகிறார். அருவிக்கு வரும் கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட அந்தக் கட்டடத்துக்குள் நுழைவதில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம். குற்றாலத்தில் வரலாறு சொல்ல வருகிறவர் உங்களைச் சித்திர சபைக்கு அழைத்துப் போகவில்லை என்றால், அவரைத் தேர்ந்தெடுத்தது சரியில்லை.

கும்பினி ஆட்சிக் காலத்தில் இங்கே வாசனைப் பயிர்த் தோட்டங்கள் போட்டார்கள். ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர் 1830களில் இந்த மலையில் செடிகொடிகளைச் சேகரித்தார். அவருக்காக ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்கள் வரைந்த படங்கள் இன்றும் தாவர அறிஞர்கள் புரட்டும் நூல்களில் இருக்கின்றன. சில தாவரங்களின் அறிவியல் பெயரிலேயே குற்றாலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதுவும் இந்த ஊரின் வரலாறுதான். 20ஆம் நூற்றாண்டில் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் குற்றாலத்தில் குடியேறிக் கம்பனைச் சுவைத்ததும், கல்கியும் ராஜாஜியும் அவரைத் தேடி வந்ததும் நினைவுக்கு வர வேண்டும்.

கணவாயின் கதை செங்கோட்டையில் இன்னும் கூர்மையாகிறது. தென்காசியிலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர்தான். ஆனால் 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரின் பக்கம் இருந்தது, தென்காசி சென்னை மாகாணத்தில். கேரள எல்லை இன்று புளியரைக்கு அப்பால் இருக்க, பரோட்டாவுக்குப் பெயர்போன பிரானூரை இன்னும் 'பார்டர்' என்றே எல்லோரும் சொல்வது அந்தப் பழைய எல்லையின் நினைவால்தான். இந்த எல்லை வெறும் சுங்கச் சாவடி அல்ல. 1936 நவம்பர் 12இல் திருவிதாங்கூர் மன்னர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்டபோது, அந்த அரசின் கட்டுப்பாட்டில் இருந்த கோயில்கள் தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் திறந்தன. எல்லைக்கு இந்தப் பக்கம் அதற்கான சட்டம் வந்தது 1939இல். சில கிலோமீட்டர் தூரத்தில் ஒருவர் கோயிலுக்குள் போகலாம், இன்னொருவர் வாசலில் நிற்க வேண்டும். கோபுரத்தின் உயரத்தைச் சொல்லும் வழிகாட்டிகள் பலர் உண்டு. அந்த வாசலுக்குள் யார் எப்போது நுழைந்தார்கள் என்று சொல்கிறவரைத்தான் நான் தேடுகிறேன்.

1904இல் கொல்லத்தையும் நெல்லையையும் இணைத்து இந்தக் கணவாய் வழியே ரயில் ஓடியது. மலைக்கு அந்தப் பக்கம் தென்மலைக்கு அருகே கல்லால் கட்டிய பதின்மூன்று வளைவுப் பாலம் இன்றும் நிற்கிறது. அகலப்பாதையாகி 2018இல் மறுபடி ரயில் போகத் தொடங்கியபின், செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை ஜன்னலோரம் உட்கார்ந்து போவதே ஒரு வரலாற்று வகுப்பு. புனலூர்க் காட்டிலாகாவில் வேலை பார்த்த செங்கோட்டை இளைஞர் வாஞ்சிநாதன், 1911 ஜூன் 17இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தாமும் சுட்டுக்கொண்டு மாண்டார். செங்கோட்டையில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. அங்கே நின்று பேசுகிறவர் எப்படிப்பட்டவர் என்பது விரைவில் தெரிந்துவிடும். வாஞ்சியின் சட்டைப் பையில் கிடைத்த கடிதத்தில் எழுதியிருந்தது என்ன, அதில் நாட்டு விடுதலையும் சனாதனமும் எப்படிக் கலந்திருந்தன, ஆஷைப் பற்றிப் பின்னாளில் செவிவழியாகப் பரவியவை எவை என்று பிரித்துச் சொன்னால் அவர் படித்தவர். கைதட்டலுக்காகவோ கண்டனத்துக்காகவோ மட்டும் பேசினால், வேறு ஆளைப் பார்க்க வேண்டியதுதான்.

கோயில்களையே சுற்றிவந்தால் விடுபட்டுப்போகும் இடங்களும் உண்டு. பொட்டல்புதூர் முகைதீன் ஆண்டவர் பள்ளிவாசலின் கல்தூண்கள் கோயில் மண்டபத்தை நினைவுபடுத்தும்; அங்கே எல்லாச் சமயத்தவரும் நேர்ச்சை செலுத்துகிறார்கள். சிறையிலிருந்து விடுதலையான பாரதியார் 1918 இறுதியில் வந்து தங்கிய கடையம் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. பூலித்தேவரின் நெற்கட்டும்செவலும் அப்படியே. திருமலாபுரம் குடைவரையில் முற்காலப் பாண்டியர் ஓவியத்தின் எச்சங்கள் இருக்கின்றன. சிவகிரி வட்டத்தில் 2024இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை தோண்டிய இரும்புக்கால ஈமக்காடு, இந்த மலையடிவாரத்தின் வயதைப் பாண்டியர்களுக்கும் வெகு தொலைவுக்கு முன்னால் கொண்டுபோகிறது. இவை எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் அடைக்கப் பார்க்கக் கூடாது. தென்காசி, குற்றாலம், செங்கோட்டை மூன்றுக்கும் சேர்த்து இரண்டு நாள் என்பதே என் கணக்கு. முதல் நாள் காலை தென்காசிக் கோயில், மாலை குற்றாலநாதரும் சித்திர சபையும். மறுநாள் செங்கோட்டையும் கணவாய் ரயிலும். இலஞ்சி முருகன் கோயிலையும் திருமலைக் கோயிலையும் நேரம் இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம்.

பேசி முடிக்கும் முன் சில நடைமுறைக் காரியங்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மொத்தம் எத்தனை பேர் சேர்ந்து நடப்பது என்று கேளுங்கள். பதினைந்தைத் தாண்டினால் கல்வெட்டின் அருகே எல்லோரும் நிற்க முடியாது. கட்டணத்தில் வண்டி, சாப்பாடு, நுழைவு எல்லாம் அடக்கமா என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். இடையில் வாசனைப் பொருள் கடைக்கும் சிப்ஸ் கடைக்கும் அழைத்துப் போவாரா என்றும் கேட்டுவிடலாம். கமிஷனுக்காக அரை மணி நேரம் போனால், அது திருவோலக்க மண்டபத்திலிருந்து பறித்த அரை மணி நேரம். முதியவர்கள் வந்தால், வெறுங்காலோடு வெயிலேறிய கல்தளத்தில் நடக்க வேண்டியிருக்கும் என்பதை அவர் தாமாகவே நினைவூட்டுகிறாரா என்று பாருங்கள். அப்படி நினைவூட்டுகிறவர் உண்மையாகவே ஆட்களை அழைத்துப்போய்ப் பழகியவர். எந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு வரலாம் என்றும் கேட்டுப் பார்க்கலாம். கால்டுவெல் 1881இல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரம், பேட் தொகுத்து 1917இல் வந்த மாவட்டக் கெசட்டியர், கோபிநாத ராவ் திருவிதாங்கூர் தொல்லியல் வரிசையில் பதிப்பித்த தென்காசிப் பாண்டியர் கல்வெட்டுகள் என்று இவற்றில் ஒன்றையாவது அவர் வாயால் கேட்டால் தைரியமாக முன்பணம் கொடுக்கலாம்.

சீசனில் வரலாறு பார்க்க வராதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சாரல் இல்லாமல் குறவஞ்சியின் குற்றாலத்தை உணர முடியாது. ஆனால் சனி, ஞாயிறைத் தவிர்த்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையில் அருவிகள் பொங்கும்போது பாதைகளை அடைத்துவிடுவார்கள். தை, மாசியில் தண்ணீர் குறைவாக இருந்தாலும், பேரருவிப் பாறையில் செதுக்கியிருக்கும் சிவலிங்கங்களை நிதானமாகப் பார்க்கலாம். தூண்களின் முன்னால் நின்று பேசவும் அமைதி கிடைக்கும்.

தேர்ந்தெடுக்கிறவருக்கு இவ்வளவு சொல்லலாம். தேர்ந்தெடுக்க ஆள் இருக்க வேண்டுமே என்ற கவலை மிஞ்சுகிறது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. குற்றாலத்தில் மாநிலத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. கோயில் நிர்வாகத்தில் நடக்கும் பராசக்தி மகளிர் கல்லூரியும் அங்கேதான். அந்தக் கல்லூரி மாணவிகள் இருபது பேருக்கு ஓராண்டு கல்வெட்டு வாசிக்கவும் சிற்பம் பார்க்கவும் பேசவும் பயிற்சி கொடுத்து, அறநிலையத் துறையும் சுற்றுலாத் துறையும் சேர்ந்து அடையாள அட்டை வழங்கி, நாள்தோறும் காலை எட்டு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் தென்காசிக் கோபுர வாசலிலிருந்து ஒரு நடை தொடங்கினால் போதும். கட்டணத்தை வெளிப்படையாக எழுதி வைக்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாக்கலாம். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், பெரிய நிதியும் வேண்டாம். ஆண்டுதோறும் அரசு நடத்தும் சாரல் விழாவில் இதைத் தொடங்கிவைக்கலாம். மாவட்ட நிர்வாகம் மனம் வைத்தால் வருகிற ஆனியிலேயே முதல் நடை கிளம்பிவிடும்.